வீட்டு வரி ரசீதில் ஒரு பத்துப் பைசா

தம்பி புது வீடு கட்டிக் குடிபோய்விட்டான். முதல் வீட்டு வரி ரசீது கைக்கு வந்ததும் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினான். நான் திறந்து பார்ப்பதற்குள் போனும் போட்டான்.

"அக்கா, குப்பைக்கு வாங்குறான், சரி. தண்ணிக்கு வாங்குறான், அதுவும் சரி. இதென்ன நூலக வரி? நான் லைப்ரரி வாசப்படி மிதிச்சே எத்தனையோ வருஷமாச்சு. இப்ப எல்லாமே போன்ல இருக்கு. இன்னும் எதுக்கு இதை வாங்கிட்டிருக்கான்?"

தம்பி எதையும் கணக்குப் பார்க்கிறவன். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவன் இதைப் படிப்பானா என்பது வேறு விஷயம்.

முதலில் காசு. தமிழ்நாட்டில் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலக வரி. அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் வரி வந்தால் நூறு ரூபாய் நூலகத்துக்குப் போகவேண்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் இதே கதைதான். நம்மில் பெரும்பாலோர் ரசீதில் கீழே உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகையோடு சேர்த்து இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாமலே.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. வரி போடுவது வீட்டைப் பார்த்து. உள்ளே விடுவது வீட்டைப் பார்த்து அல்ல. பெரிய வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகக் கட்டுகிறார், அவ்வளவுதான். அந்தக் காசில் ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு நிழலில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமென்றால் டீயாவது வாங்கவேண்டும். கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். எதையும் வாங்காமல், யாரென்று சொல்லாமல், எதற்கு வந்தாய் என்ற கேள்வி இல்லாமல் கூரைக்குக் கீழே உட்கார விடுகிற இடம் ஊருக்கு ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு தானாக வரவில்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார்.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தார். வந்தவருக்கு ஒரே அலுப்பு. ஆள் அரவமே இல்லாத நூலகத்தில் நாள் முழுக்க என்ன செய்வது? மறுபடி வகுப்பறைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டார். எப்படியும் படிப்புக்காக லண்டன் போகப்போகிறீர்கள், போய்விட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். லண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் ஊர்ப் பொது நூலகத்தின் தலைமை நூலகர். ஒரு சாதாரண ஊரில் பொது நூலகம் எப்படி நடக்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தார் ரங்கநாதன். குழந்தைகள் வருகிறார்கள், கூலி வேலைக்காரர்கள் வருகிறார்கள், யாரும் யாரையும் தடுப்பதில்லை. கப்பலேறி ஊர் திரும்பியவர் கணக்கு வாத்தியார் வேலையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

நூலகத் துறையில் படித்தவர்களைக் கேட்டால் ரங்கநாதனின் ஐந்து விதிகளைச் சொல்வார்கள், கோலன் பகுப்பு முறையைச் சொல்வார்கள். உலகம் முழுக்க அவரைத் தெரிந்திருப்பது அதனால்தான். எனக்கு அவரைப் பிடித்தது வேறு காரணத்துக்கு. புத்தகத்தை எப்படி அடுக்குவது என்று யோசித்த அதே மனுஷன், அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்றும் யோசித்தார். நல்லது நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கு வருவதே இல்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அதற்கும் ரங்கநாதனின் துணை இருந்தது. நாட்டின் முதல் நடமாடும் நூலகம் என்று அதைச் சொல்வார்கள். பேச அழகான கதை. ஆனால் இதெல்லாம் ஒரு தனி மனிதரின் ஆர்வத்தில் ஓடுகிற வண்டி. அவருக்குப் பிறகு? மாட்டுக்குத் தீவனம் யார் போடுவது?

அதனால்தான் ரங்கநாதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதி வைத்தார். 1933இல் பஷீர் அகமது சயீத் அதைச் சென்னைச் சட்டமன்றத்தில் மசோதாவாகக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. பிறகு வருஷங்கள் ஓடின. சுதந்திரத்தை ஒட்டிய நாட்களில் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைக் கையில் எடுத்தார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அதற்கென்று தனி நிதி. அந்த நிதிக்கு வீட்டு வரியோடு சேர்த்து ஒரு வரி. ஆரம்பத்தில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது பழைய காசுக் கணக்கில் அரையணா. பிறகு படிப்படியாகக் கூடி இன்றைக்குப் பத்துப் பைசா.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1850இல் முதல் பொது நூலகச் சட்டத்தை வில்லியம் எவர்ட் என்ற உறுப்பினர் கொண்டுவந்தபோது நாடாளுமன்றத்தில் பெரிய எதிர்ப்பு. சிப்தார்ப் என்றொரு கர்னல் எழுந்து, எனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்போர்டில் இருந்தபோதே வெறுத்தேன் என்ற ரீதியில் பேசினாராம். என் தம்பிக்கு நல்ல முன்னோடி. எப்படியோ சட்டம் வந்தது, ஒரு வேடிக்கையோடு. பவுனுக்கு அரைப் பென்னி வரி வாங்கலாம். அந்தக் காசில் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம். புத்தகம் மட்டும் வாங்கக்கூடாது! புத்தகத்தை நல்ல மனசுக்காரர்கள் தானமாகக் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. நல்ல மனசுக்காரர்கள் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட இடம் தேடுவார்களே ஒழிய வேறென்ன செய்வார்கள்? ஐந்தே வருஷத்தில், 1855இல், சட்டத்தைத் திருத்தி ஒரு பென்னியாக்கிப் புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள்.

ஆண்ட்ரூ கார்னகி கதை இதைவிட நல்ல பாடம். அமெரிக்காவில் இரும்பாலை வைத்துச் சம்பாதித்த காசில் உலகம் முழுக்க 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. இடத்தை ஊர் தரவேண்டும். கட்டடத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் ஊர் வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவதாக எழுதிக் கொடுக்கவேண்டும். சரிப்படாது என்று விட்டுவிட்ட ஊர்களும் உண்டு. தொழிலாளர்களை அவர் நடத்திய விதத்தை வைத்து அவர் காசை வாங்க மறுத்தவர்களும் உண்டு, அது தனிக் கதை. ஆனால் அந்த நிபந்தனை மட்டும் பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரியின் மூளை. கட்டடம் கட்டுவது கல்யாணம் மாதிரி, பந்தல் போட்டு ஊரைக் கூட்டி ஒரே நாளில் முடித்துவிடலாம். நூலகம் நடத்துவது குடித்தனம்.

நம்மூரில் இதற்குக் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. 2006இல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள், வருஷத்துக்கு இத்தனை என்று பிரித்து எல்லா ஊருக்கும் ஒரு நூலகக் கட்டடம். நல்ல எண்ணம், சந்தேகமே இல்லை. இன்றைக்கு எங்கள் பக்கம் ஊர் ஊராகப் போனால் அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். மஞ்சளோ பச்சையோ அடித்த சின்ன அறை, நெற்றியில் திட்டத்தின் பெயர், கதவில் பூட்டு. எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்லமாட்டேன், சில ஊர்களில் யாரோ ஒரு ஆள் விடாப்பிடியாகத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அவை நூலகத் துறையின் கீழ் வரவில்லை, ஊரக வளர்ச்சித் துறையோடு நின்றன. முறையான நூலகர் இல்லை, புதுப் புத்தகத்துக்கு வழி இல்லை. கல்யாணம் நடந்தது. அதோடு சரி.

பெரிய நூலகங்களின் கதை வேறு மாதிரி. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் தடை விதித்து, ஒருவழியாக நூலகம் நூலகமாகவே தப்பியது. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் போயிருக்கிறேன். இரண்டும் எனக்குப் பிடிக்கும். குழந்தைகள் பகுதியில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் மதுரைக்கும் சென்னைக்கும் தினமும் பஸ் ஏறிப் போக முடியாத பிள்ளைகள்தான் இந்த மாநிலத்தில் அதிகம். அவர்களுக்கு இருப்பது கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், அதுவும் இல்லாத இடத்தில் பகுதிநேர நூலகம். எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைந்நூறுக்கு மேல். இவற்றின் திறப்பு விழாவை எந்தத் தொலைக்காட்சியும் நேரலையில் காட்டியதில்லை. இவற்றுக்கு உயிர் அந்தப் பத்துப் பைசாதான்.

சரி, அந்தப் பத்துப் பைசாவில் என்ன நடக்கிறது?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குக் காலையில் போனால் முதலில் கண்ணில் படுவது பெரியவர்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், மில்லில் இருந்து நின்றவர்கள், மகன் வீட்டில் வந்து தங்கியிருப்பவர்கள். தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துவைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படிப்பார்கள். வீட்டில் பேப்பர் வாங்குகிறவர்களும் இதில் உண்டு. ஒருவரைக் கேட்டேன். "வீட்ல படிச்சா படிச்சதோட போச்சும்மா, இங்க படிச்சா பேசலாம்ல" என்றார். பேசக்கூடாது என்று பலகை மாட்டியிருப்பதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஒருத்தர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் யாராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்தச் சேவை எந்தத் திட்ட அறிக்கையிலும் இருக்காது.

பத்து மணிக்கு மேல் மேசைகள் கைமாறும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்துவிடுவார்கள். குரூப் 4, குரூப் 2, எஸ்.ஐ. தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு. பையில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்கள், பழைய வினாத்தாள் கட்டு, தண்ணீர் பாட்டில். நூலகத்தின் புத்தகத்தில் ஒன்றைக்கூடத் தொடாமல் நாள் முழுக்கப் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். இலக்கியம் படிக்கிற நண்பர்கள்தான் அதிகம். "லைப்ரரியை டியூஷன் சென்டர் ஆக்கிட்டாங்க" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர்களுக்கு வீட்டில் தனியாக ஒரு அறை இருக்கிறது, அதனால் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியவில்லை. அங்கே தினமும் வருகிற ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரி முடித்துவிட்டாள், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "வீட்ல உட்கார்ந்து படிச்சா, சும்மாதான இருக்கேன்னு ஏதாச்சும் வேலை சொல்லுவாங்கக்கா. இங்க வந்துட்டா, படிக்கப் போயிருக்கா அப்டின்னு விட்டுருவாங்க" என்றாள். வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறாள், நூலகத்தில் இருந்தால் படிக்கிறாள். அதே பெண், அதே புத்தகம். உட்கார்ந்திருக்கும் இடம் மாறினால் ஊர் பார்க்கிற பார்வை மாறுகிறது. ஒரு தேர்வு முடிவு வருவதற்குள் அவள் கல்யாணம் தள்ளிப்போனால், அதில் அந்த மர நாற்காலிக்கும் பங்கு உண்டு.

நூலகத்தின் மதிப்பைக் காசில் சொல்ல முடியாது என்று மேடையில் பேசுவார்கள். சொல்ல முடியும். மதுரை, சென்னை மாதிரி ஊர்களில் இப்போது தனியார் ரீடிங் ஹால்கள் வந்துவிட்டன. ஒரு தடுப்பு, ஒரு மேசை, ஒரு நாற்காலி, சார்ஜர் குத்த இடம், வைஃபை. மாதாமாதம் கட்டணம். கொஞ்சம் கூடக் கொடுத்தால் ஏ.சி. அங்கே புத்தகமே கிடையாது. அவர்கள் விற்பது உட்காரும் இடத்தையும் அமைதியையும்தான். அதை வாங்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கட்டணத்தை நம் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு நாளைக்கு உட்கார்ந்து போகிறவர்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கட்டும் என் தம்பி. கணக்கில் அவன் கெட்டி.

போனில் எல்லாம் இருக்கிறது என்பதற்கும் இதுதான் என் பதில். போனில் எல்லாம் இருக்கிறது, உண்மை. யாருடைய போனில், எவ்வளவு டேட்டாவில், யார் கூப்பிடாத எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. பாடப்புத்தகத்தின் பி.டி.எஃப். போனில் இருக்கிறது. அதே போனை அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அண்ணாவின் 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்ற வானொலிப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பேச்சுப் போட்டி மேடைகளில் அது இன்றும் ஓடுகிறது. அண்ணா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்த ஒன்றில் வாதம் செய்யத் தோன்றும். வீட்டில் புத்தகசாலை வைக்க முதலில் வீட்டில் சுவர் வேண்டும், மழைக்கு ஒழுகாத சுவர். அப்புறம், வீட்டு நூலகத்தில் என்ன இருக்கும்? நமக்குப் பிடித்தது இருக்கும், நம் சாதிக்காரர் எழுதியது இருக்கும், நம் கட்சிக்காரர் எழுதியது இருக்கும். நமக்குப் பிடிக்காத ஒருவர் எழுதிய புத்தகம் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பொது நூலகத்தில்தான். அண்ணாவே கன்னிமரா நூலகத்தில் விழுந்து கிடந்து படித்தவர் என்று சொல்வார்கள். 1896இல் திறந்த அந்த நூலகத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. எந்தப் பதிப்பாளர் ஒழுங்காக அனுப்புகிறார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பதிப்பாளர் என்றதும் லைப்ரரி ஆர்டர் நினைவுக்கு வருகிறது. வெளியே தெரியாத சங்கதி இது. தமிழில் ஒரு நல்ல கவிதைத் தொகுப்போ கட்டுரைத் தொகுப்போ போட்டால் சில நூறு பிரதிகள் விற்பதே பெரும்பாடு. நூலகத் துறை தேர்ந்தெடுத்து வாங்கினால்தான் அச்சுக்கூலி கைக்கு வரும். "ஆர்டர் கிடைச்சுச்சா?" என்பதுதான் பதிப்பாளர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்கிற முதல் கேள்வி. அந்தப் பத்துப் பைசா இல்லாவிட்டால் நாம் கொண்டாடுகிற பல சின்னப் பதிப்பகங்கள் என்றைக்கோ மூடியிருக்கும். தமிழில் தீவிரமாக எழுதுகிறவர்கள், வீட்டு வரி கட்டுகிற யாரோ ஒரு மளிகைக் கடைக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவாரா என்பதும் சந்தேகம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டருக்காகவே அச்சடிக்கிற புத்தகங்கள் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடைவெளி விட்டு, எண்பது பக்கச் சரக்கை நூற்றறுபது பக்கமாக ஊதி, ஃபாரம் கணக்கைக் கூட்டுகிற வித்தை. தலைவர்கள் வரலாறு, பொன்மொழிகள், ஆயிரம் பொது அறிவுத் துளிகள். கிளை நூலகத்தில் ஒரு அலமாரி முழுக்க இப்படி நிற்கும், ஒருவர் கைரேகைகூடப் படாமல். பக்கத்து அலமாரியில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தில் இரண்டாவது மட்டும் காணாமல் போயிருக்கும், வருஷக்கணக்காக. வாசகர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கினாலே இதில் பாதி சரியாகிவிடும். எங்கள் நூலகரிடம் ஒரு நோட்டு இருக்கிறது, யார் எந்தப் புத்தகம் கேட்டு இல்லையென்று திரும்பினார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. யாரும் அதை வாங்கிப் பார்த்ததும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. ரசீதில் பத்துப் பைசா பிடித்துவிடுகிறார்கள். பிடித்த காசு நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேருகிறதா? வரி வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது ஆணைக்குழு. நடுவில் ஒரு கைமாற்றம் இருக்கிறது. அங்கேதான் தடங்கல். நூலக வரிப் பாக்கி கோடிக்கணக்கில் உள்ளாட்சிகளிடம் தேங்கிக் கிடப்பதாக வருஷா வருஷம் செய்தி வருகிறது. சம்பளம் போடக் காசில்லை, தெருவிளக்குக்குக் காசில்லை என்று நகராட்சிக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கலாம். ஆனால் இது அவர்கள் காசு இல்லை. நூலகத்துக்கென்று பெயர் சொல்லி நம்மிடம் வாங்கியது.

இங்கிலாந்தை முன்பு சொன்னேனே, அங்கே 2010க்குப் பிறகு அரசு மானியம் சுருங்கியதும் உள்ளாட்சி மன்றங்கள் நூற்றுக்கணக்கான பொது நூலகங்களை மூடிவிட்டன. உலகத்துக்கே வழிகாட்டிய நாடு. அவர்களிடம் நூலகத்துக்கென்று தனியாகப் பிரித்து வைத்த வரி இன்று இல்லை. பொதுப் பணத்தில் இருந்து ஒதுக்கினால்தான் உண்டு. முதியோர் பராமரிப்பா நூலகமா என்று வந்தால் நூலகம்தான் தோற்கும், நியாயமும்கூட. அந்தப் போட்டிக்கே நூலகத்தை இழுக்கக்கூடாது என்றுதான் ரங்கநாதன் நமக்குத் தனி வரியாக எழுதி வைத்தார். வலுவான பூட்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சாவி வேறு துறையிடம் போய்விட்டது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தோழிகள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் நூலகத்தில் உறுப்பினர் பதிவேட்டில் பெண்கள் நிறைய. உட்கார்ந்து படிப்பவர்களில் தேர்வுக்குப் படிக்கிற இளம்பெண்களைத் தவிர மற்ற பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவு. வந்து புத்தகத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு வாசிப்பில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதற்கு யாராவது கட்டுரை எழுதுவார்கள். காரணம் கழிப்பறை. ஒன்று இருக்கிறது, பூட்டியிருக்கிறது, உள்ளே பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்கிற அந்தத் தேர்வுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களாம். பாட்டில் கொண்டுவருவது வீட்டில் அம்மா கொடுத்தனுப்புவதால்.

அப்புறம் நேரம். காலையில் திறக்கிறார்கள், மதியம் மூடுகிறார்கள், மறுபடி மாலையில் திறந்து விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் மூடிவிடுகிறார்கள். ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பையன் வேலை முடிந்து வருகிறபோது கதவு சாத்தியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தில் நூலகம் மூடியிருப்பது ஏன் என்று ரங்கநாதன் தன் புத்தகத்தில் கேட்டு, தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நூலகரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஒரே ஆள். கூட்டிப் பெருக்குவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை அவர்தான். ஊர்ப்புற நூலகர்கள் வாங்குகிற சம்பளத்தைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும். இன்னொரு ஆள் போடாமல் நேரத்தைக் கூட்டச் சொன்னால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். ஆள் போடக் காசு? மேலே சொன்ன பாக்கி வந்தால் போடலாம்.

நடக்கிற நல்லதையும் சொல்ல வேண்டும். நூலகத்துக்கு வர முடியாத வயதானவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற நூலக நண்பர்கள் திட்டம் 2022இல் வந்தது. எங்கள் ஊரில் கல்லூரிப் பையன்கள் சிலர் சைக்கிளில் செய்கிறார்கள். ஒரு பாட்டிக்கு ரமணிசந்திரன் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். பையன் அவருக்கு ஜானகிராமனைப் பழக்கிவிடப் பெரும் முயற்சியில் இருக்கிறான். இதுவரைக்கும் பாட்டிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வாசகர் வட்டத்தில் மூன்று விஷயம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கழிப்பறையைத் திறந்து தண்ணீர்க் குழாய் போட வேண்டும். இரவு எட்டரை வரை நூலகம் நடக்க இன்னொரு ஆள் வேண்டும். கடந்த ஐந்து வருஷத்தில் எங்கள் நகராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு என்று கணக்கைச் சொல்ல வேண்டும். மூன்றாவதைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் தனியாகக் கேட்டிருக்கிறோம். மனுவில் கையெழுத்துப் போட விரும்புகிற உள்ளூர்க்காரர்கள் வரலாம், உறுப்பினராக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை, வீட்டு வரி கட்டுகிறவர், கட்டாதவர், யாரானாலும் சரி. நூலகரின் மேசைமேல் நோட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், விடுமுறை.